தூண்டில் காது

வியாபாரம் இல்லாத கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். பாப்பா வேலை பார்த்த பட்டறையில் ஈ கட்டினார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "ஈ கட்டுற கம்பெனியில" என்பாள். கேட்டவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு விளக்கம் சொல்வாள். தூண்டில் முள்ளின் மேல் இறகையும் ரோமத்தையும் நூலால் கட்டி ஈயைப் போலச் செய்வது. புழு வேண்டாம். தண்ணீரின் மேல் அது மிதந்து வந்தால் மீன் நிஜ ஈ என்று நம்பிக் கவ்வும்.

"அப்ப மீனை ஏமாத்துற வேலைன்னு சொல்லு."

"மீனை மட்டும்தான். வாங்குறவங்களை ஏமாத்தாம இருக்காங்களான்னு பார்க்கத்தான் என்னை உட்கார வச்சிருக்காங்க."

பாப்பாவுக்கு நாற்பது தாண்டி வெகுநாள் ஆகிறது. அண்ணன் வைத்த செல்லப்பெயர் அண்ணியின் வாய்க்கு வந்து, அண்ணியோடு பட்டறைக்கும் வந்துவிட்டது. இவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் அண்ணியும் எல்லோருக்கும் அண்ணியாகிப் போனாள். புதிதாக வந்த மேற்பார்வையாளர்கூட ஒருநாள் வாய்தவறி, "அண்ணி, அந்தத் தட்டைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்துவிட்டார். பெஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. வாய்க்குள் ஏதோ ரீங்காரம் பாடிக்கொண்டே நடப்பார் என்பதால் அவருக்கு வந்த அன்றைக்கே 'பெரிய ஈ' என்று பெயர் விழுந்திருந்தது.

வேலை பார்க்கச் சின்னதாகத் தெரியும். கிடுக்கியில் முள்ளைப் பிடித்து நிறுத்தி, அதன் முதுகில் நூலைச் சுற்ற வேண்டும். முயல் ரோமத்தை நூலோடு முறுக்கிச் சுற்றினால் உடம்பு. மயிலிறகின் ஒற்றை இழையை ஓட்டினால் அதன் மேல் ஒரு மினுக்கம். சேவலின் கழுத்திறகை விளிம்பு நிமிர்ந்து நிற்கும்படி சுற்றினால் அவைதான் கால்கள், ஈயைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிப்பவை. கடைசியில் நூலாலேயே தலை, ஒரு முடிச்சு, முடிச்சு அவிழாமல் இருக்க ஒரு சொட்டு வார்னிஷ்.

அந்த ஒரு சொட்டில்தான் வினை. தலைக்கு முன்னால், முள்ளின் கூர் இல்லாத முனையில், தூண்டில் நரம்பு கோப்பதற்கு ஒரு சின்ன வளையம் உண்டு. ஊசிக்குக் காது இருப்பதுபோல் இதற்கும் காது என்றுதான் அங்கே பெயர். நூலைக் காதுக்கு மிக அருகில் கொண்டுவந்து தலையைக் கட்டினால் வார்னிஷ் வழிந்து காது அடைந்துவிடும். அடைந்த காதில் நரம்பு நுழையாது.

காது அடைந்த ஈயைப் பார்க்கும்போதெல்லாம் பாப்பாவுக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். அவள் அவரைப் பார்த்ததில்லை. எங்கேயோ ஓர் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். குளிரில் விரல் மரத்திருக்கிறது. ஓய்வாகக் கிடைத்த ஒரே நாள். பெட்டியைத் திறந்து ஈயை எடுத்து நரம்பைக் கோக்கப் பார்க்கிறார், நுழையவில்லை. மறுபடி பார்க்கிறார். அவர் யாரையும் திட்டுவதில்லை, அதுதான் பாப்பாவுக்குத் தாங்காது. காலையில் ஜன்னலோரம் நின்று சாமி கும்பிடும்போது வீட்டில் இருப்பவர்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகு அந்த மனிதருக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள்.

ஆகவே, புது மேற்பார்வையாளர் வந்த முதல் நாளே பெஞ்சின் தலைமாட்டில் நின்று, "இனிமே கண்ணு சரியில்லாத எதுக்கும் இங்க இடம் கிடையாது. இந்த விஷயத்துல நான் ரொம்பக் கறார்" என்று சொன்னபோது பாப்பாவுக்கு மனம் குளிர்ந்தது. வெளியூர் ஆர்டர் தாள்களில் அந்த வளையத்துக்குக் 'கண்' என்றுதான் போட்டிருக்கும். தாள்கள் அவள் மேசையில்தான் கிடக்கும், அவளுக்கு அது பழக்கம். கட்டுபவர்களுக்குத் தாள் போகாது, பார்த்துக் கட்ட மாதிரி ஈ மட்டும் போகும். அன்று பெஞ்சு சட்டென்று அமைதியானதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அண்ணியின் தட்டில் காது அடைந்த ஈக்கள் வர ஆரம்பித்தன.

முதலில் ஒன்றிரண்டு. யாருக்கும் வரும். பிறகு ஒரு பிடி. அண்ணி அந்தப் பெஞ்சிலேயே நல்ல கைக்காரி. இடக்கைப் பழக்கம். அவள் கிடுக்கி மற்றவர்களுடையதற்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். முழங்கை இடிக்காமல் இருக்க அவளைப் பெஞ்சின் இடதுகோடியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் தட்டை இத்தனை வருஷமாகப் பாப்பா கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருக்கலாம், அப்படி அனுப்பியதில்லை, அவ்வளவுதான்.

பாப்பா ஓர் ஊசியை எடுத்து, விளக்கு பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே அந்தக் காதுகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தாள். அண்ணிக்குப் பார்வை மங்குகிறது என்று நினைத்தாள். வயது அப்படி. யாரிடமும் சொல்லாமல், காதும் காதும் வைத்தாற்போல் இதைச் செய்துவிட்டால் போகிறது. ஆற்றில் நிற்பவருக்கும் குறையில்லை, அண்ணிக்கும் தலைக்குனிவில்லை. இது பொய்யா, உதவியா என்று மனசு கேட்டபோது, சாமிக்குத் தெரியும் என்று சொல்லி அதை அடக்கினாள்.

ஆனாலும் நிச்சயம் செய்துகொள்ள ஆசைப்பட்டாள். ஒரு சாயங்காலம் பஸ் ஓட்டிவிட்டு வந்த அண்ணன் சட்டையைக் கழற்றிக் காட்டினார்.

"பகல்பூரா ரெண்டு பேரும் நூலும் கையுமாத்தான் கிடக்குறீங்க. என் சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்க நாதியில்ல."

"பொத்தான் தானா விழுகுதா, உங்க தொப்பை தள்ளுதா?" என்றாள் அண்ணி.

பாப்பா ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போய் நின்றாள். "அண்ணி, எனக்கு நுழையவே மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் கோத்துக் குடுங்களேன்."

அண்ணி ஊசியை இடக்கையில் வாங்கினாள். நூல் நுனியை உதட்டில் வைத்து எடுத்தாள். ஒரே தடவை. காதுக்குள் நூல் பாம்பு புற்றுக்குள் போவதுபோலப் போயிற்று.

"உனக்குத்தான்டி வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டுக்கோ."

அண்ணன் சிரித்தார். பாப்பாவும் சிரித்துக்கொண்டே பொத்தானைத் தைக்க உட்கார்ந்தாள். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இது அசிரத்தை. நாத்தனார்தானே பார்க்கிறாள், எப்படியும் தள்ளிவிடுவாள் என்ற எண்ணம். அந்த நினைப்பு ஒரு முள்போல உள்ளே ஏறியது. தூண்டில் முள்ளில் ஒரு கொக்கி உண்டு. ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். மறுநாளிலிருந்து அவள் அண்ணியின் தட்டைத் திறந்தாலே முகம் கடுத்தது. ஊசியால் காதுகளைக் குத்தியது உதவி போலவே இல்லை, தண்டனை போல இருந்தது.

அப்போதுதான் வெளியூரிலிருந்து ஒரு பொட்டலம் திரும்பி வந்தது. பாப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது, வேறொருவர் சோதித்து அனுப்பிய பொட்டலம் அது. பெரிய ஈ ரீங்காரம் இல்லாமல் வந்து நின்றார். அதுவே ஆபத்தின் அறிகுறி.

"பாதிக்குப் பாதி அடைச்சிருக்கு. நாளைக்குக் காலையில நானே உங்க பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு தட்டா பார்க்கப் போறேன். யார் தட்டுன்னு தெரிஞ்சா அவங்க இறகு ரூமுக்குப் போகட்டும். அங்க ஆள் பத்தல."

இறகு அறை என்றால், சாயம் போட்டுக் காய்ந்த இறகுகளை உதறிப் பிரித்துத் தரம் பிரிக்கும் அறை. தூசு பனிபோல நிற்கும். அண்ணிக்கு மூச்சிழுப்பு உண்டு. மழைக்காலத்தில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அந்த அறையில் அவள் ஒரு வாரம் தாங்க மாட்டாள். அங்கே போகச் சொல்வதும் வீட்டுக்குப் போகச் சொல்வதும் ஒன்றுதான்.

மறுநாள் காலை ஜன்னலோரத்தில் பாப்பாவின் வேண்டுதல் நீளமாக இருந்தது. பொய் சொல்லவும் விடாதே, அண்ணியைக் காட்டிக் கொடுக்கவும் விடாதே, நடுவில் ஏதாவது வழி இருந்தால் காட்டு. வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. சாமியையே சங்கடத்தில் மாட்டிவிட்டதுபோல் ஒரு கூச்சத்தோடு கிளம்பினாள்.

எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனாள். முந்தின நாளின் தட்டுகள் அவள் மேசையில் இருந்தன. கடைசியாக ஒருமுறை அண்ணியின் காதுகளைத் திறந்துவிடுவது என்று ஊசியைக் கையில் எடுத்தாள். விளக்கைப் போட்டாள். காது அடைந்த ஈ ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள்.

கை அசைந்ததில் வெளிச்சம் தலையின் மேல் சாய்வாக விழுந்தது. வார்னிஷுக்கு அடியில் நூலின் சுற்றுகள் வரிவரியாகத் தெரிந்தன. பாப்பா ஊசியைக் கீழே வைத்தாள்.

சுற்று மாறியிருந்தது.

அண்ணி இடக்கைக்காரி. அவள் நூல் மற்றவர்கள் சுற்றுக்கு நேர் எதிராக, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஓடும். இது எல்லோரும் சுற்றும் பக்கமாகவே ஓடியிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. காது திறந்திருந்த நல்ல ஈயை எடுத்துப் பார்த்தாள். அது இடக்கைச் சுற்று, சுத்தமான அண்ணியின் கை. இத்தனை நாளும் அவள் காதை மட்டுமே பார்த்துக் குத்திக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு நூல் அகலம் பின்னால் இருந்ததைப் பார்க்கவேயில்லை.

அடைந்தவற்றில் முடிச்சும் வேறு மாதிரி. சட்டைப் பொத்தானின் அடியில் நூலைச் சுற்றி இறுக்குவார்களே, அப்படி இரண்டு தரம் வளைத்துக் கட்டிய முடிச்சு. அந்தப் பெஞ்சில் அப்படிக் கட்டுகிறவள் ஒருத்திதான். தையலக்கா. அண்ணிக்கு அடுத்த இடத்தில் உட்காருபவள். புருஷன் கைகால் விழுந்து படுத்த பிறகு, வைத்திருந்த தையல் கடையை மூடிவிட்டு இங்கே வந்தவள். பாப்பா அவள் தட்டை இழுத்துத் திறந்தாள். அதில் பாதி இடக்கைச் சுற்று.

அண்ணி தன் நல்ல ஈக்களை அந்தத் தட்டில் போட்டுவிட்டு, அங்கிருந்த கெட்டவற்றைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணி வந்ததும் கை கழுவும் குழாயடியில் அவளைப் பிடித்தாள். "அண்ணி, இது என்ன வேலை?"

"எது?"

"தட்டு மாத்துறது."

அண்ணி குழாயை மூடினாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "கத்தாதே. அவளுக்கே தெரியாது. அவ டீ குடிக்கப் போறப்ப மாத்திடுவேன். கண்ணு மங்கலா தெரியுதுன்னு என்கிட்ட மட்டும்தான் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. வீட்டுல அந்த மனுஷன் கிடக்குற கிடைக்கு, இந்த வேலையும் போச்சுன்னா?"

"அதுக்கு உங்க பேரைக் கெடுத்துப்பீங்களா?"

"என் பேரு இத்தனை வருஷப் பேரு. நாலு அடியைத் தாங்கும். அவ பேரு புதுசு, ஒரு அடிக்கே உடைஞ்சிடும். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே, பாரு."

ஒன்றும் ஆகாததற்குக் காரணம் தன் ஊசி என்று பாப்பா சொல்லவில்லை. "இன்னிக்கு ஆகப் போகுதே. இறகு ரூமுக்கு அனுப்பிடுவாரு. உங்க இழுப்புக்கு அங்க..."

"இழுப்பு எனக்குப் பழகிப் போச்சு. நீ வாயைத் திறக்காதே. திறந்தே, வீட்டுல உன்கூடப் பேச மாட்டேன்."

அது சாதாரண மிரட்டல் இல்லை. அண்ணி பேசாவிட்டால் அந்த வீட்டில் யாருமே பேசுவதில்லை.

பெரிய ஈ நாற்காலியைப் போட்டுப் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு தட்டாகத் திறந்தார். பெஞ்சில் கைகள் மட்டும் ஓடின. அண்ணியின் தட்டு வந்தது. ஒன்றைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இது அண்ணி தட்டுதானே?" இந்த முறை யாருக்கும் இருமல் வரவில்லை.

அவர் கேட்டது பாப்பாவிடம். தட்டு அண்ணியுடையதுதான். ஆமாம் என்றால் அது உண்மை, அதுவே பொய்யும்.

"நம்பவே முடியல. உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கலை" என்றார் அவர். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். "சரி, நான் சொன்னா சொன்னதுதான். நாளையிலிருந்து இறகு ரூம்."

அண்ணி தலையை ஆட்டினாள். பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. தையலக்கா எழுந்து வந்தாள்.

"அதை இப்படிக் குடுங்க சார்."

ஈயை வாங்கி அவள் கண்ணருகே கொண்டு போகவில்லை. கட்டைவிரல் நகத்தால் அதன் தலையை மெல்லத் தடவினாள். பொத்தான் வைத்துப் பழகிய விரல் அந்த முடிச்சின் மேல் போய் நின்றது.

"இது என் முடிச்சு சார். என் சுற்று. அண்ணி சுத்தினா நூல் அந்தப் பக்கம் ஓடும். இது எப்படி அவ தட்டுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியல." அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பதான் தெரியுது."

அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாவும் எழுந்தாள். "சார், நானும் ஒண்ணு சொல்லணும். நான் இதையெல்லாம் ஊசியால குத்திக் குத்தி அனுப்பிட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

பெரிய ஈ மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இது, ஆளாளுக்கு ஒரு ரகசியமா? கண்ணு தெரியலைன்னா என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படி சார் சொல்றது?" என்றாள் தையலக்கா. "வந்த அன்னிக்கே சொன்னீங்களே. கண்ணு சரியில்லாத எதுக்கும் இங்க இடம் கிடையாதுன்னு."

"ஆமா, சொன்னேன். கண்ணு சரியில்லாத..." என்று ஆரம்பித்தவர் நின்றார். முள்ளைப் பார்த்தார். தையலக்காவைப் பார்த்தார். "கடவுளே. நான் சொன்னது இந்தக் கண்ணும்மா!" என்று ஈயின் நுனியைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்குப் பேரு காது சார்" என்றாள் பெஞ்சிலிருந்து ஒருத்தி.

"காதா?"

"ஊசிக்குக் காதுன்னா இதுக்கும் காதுதானே? நாங்க எல்லாரும் எங்க கண்ணைச் சொன்னீங்கன்னு நெனச்சோம். 'எதுக்கும்'னு அஃறிணையில சொல்றாரே, என்ன மனுஷன்னு அன்னிக்கு மத்தியானம்பூரா உங்களைத் திட்டினோம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. தையலக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரிப்பும் அதிலேயே கலந்திருந்தது. பெரிய ஈ மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சொல்லால் ஒருத்தியைத் தான் அத்தனை நாள் பயத்தில் வைத்திருந்தது அவருக்கு உறைத்துவிட்டது. அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். தையலக்காவின் முன்னால் நீட்டினார்.

"இதைப் போட்டுப் பாருங்க."

அவள் தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அது பெரிதாக, மூக்கில் வழுக்கி இறங்கியது. கையிலிருந்த ஈயைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மாடி. ஒவ்வொரு முடியும் தனித்தனியா நிக்குதே." பிறகு முகத்தைச் சுளித்தாள். "சீ, தலையை எவ்வளவு முன்னால கொண்டுவந்து கட்டியிருக்கேன்! இது யாரு கட்டினது, நானா?" பக்கத்தில் குனிந்திருந்த பாப்பாவின் பக்கம் திரும்பினாள். "அடியே பாப்பா, உனக்கு இவ்வளவு நரையா!"

கண்டிப்பும் இல்லாமல் போகவில்லை. தட்டு மாற்றியதற்கு அண்ணிக்கும், சொல்லாமல் குத்தியதற்குப் பாப்பாவுக்கும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுத் திட்டு கிடைத்தது. திரும்பி வந்த பொட்டலத்தைப் பாப்பாவே முழுக்கப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றார். தையலக்கா கண்ணாடி வாங்கும்வரை உருப்பெருக்கி விளக்கு பெஞ்சின் இடதுகோடிக்குப் போகட்டும், பாப்பா ஜன்னல் வெளிச்சத்தில் சமாளிக்கட்டும் என்றும் சொன்னார். இறகு அறையைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அண்ணி பேசவில்லை. திருப்பத்தில் அண்ணி மூச்சு வாங்க நின்றாள்.

"ஏன்டி, அன்னிக்கு ஊசியைக் குடுத்துக் கோக்கச் சொன்னியே, அது பரீட்சையா?"

பாப்பா தரையைப் பார்த்தாள். "ஆமா அண்ணி."

"கோத்தேனே. அப்புறம் ஏன் ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே?"

உங்களைத் தப்பாக நினைத்தேன் என்று நடுத்தெருவில் எப்படிச் சொல்வது? அண்ணி அதை அவள் முகத்திலேயே படித்துவிட்டாள் போலிருக்கிறது. பிறகு தன் பையை எடுத்து இவள் கையில் திணித்தாள்.

"சரி, நீயே தூக்கிட்டு வா. அதுதான் தண்டனை. மனசுல வச்சுக்காம கேட்டுத் தொலைச்சிருக்கலாம், நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

மறுநாள் காலை பெரிய ஈ ரீங்காரத்தோடு வந்தார். பெஞ்சின் தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமினார். "எல்லாரும் காதைக் கவனிச்சுக்கோங்க" என்றார். கோடியிலிருந்து அண்ணி, "கேக்கல சார், சத்தமா" என்றாள்.

பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஓர் ஈயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சுற்று இந்தப் பக்கம், பொத்தான் முடிச்சு. காதுக்குள் ஒரு புள்ளி வானம் தெரிந்தது. ஆற்றில் நிற்கும் அந்த மனிதரை நினைத்துக்கொண்டு அதைப் பொட்டலத்தில் வைத்தாள்.